ஓரத்தில் முட்டும் சப்மெனு

மதுரைப் பக்கம் கல்யாணமோ காதணி விழாவோ, மண்டப வாசலில் மொய் எழுத லேப்டாப்போடு ஒருவர் உட்கார்ந்திருப்பார். முகூர்த்தம் முடிந்ததும் வரிசை நீளும். ஊர், பேர், தொகை, என்டர், ரசீது என்று கை நிற்காமல் ஓட வேண்டும். அந்த மாதிரி ஒரு சாப்ட்வேரில் ஊரைத் தேர்ந்தெடுக்க முதலில் தாலுகா மெனு, அதற்குள் ஊர் சப்மெனு என்று அடுக்கியிருப்பதாக வையுங்கள். ‘வாடிப்பட்டி’ வரியில் மவுஸ் நிற்கிறது. அடுத்துப் போக வேண்டியது ‘சோழவந்தான்’. மெனு ஸ்கிரீனின் வலது ஓரத்தில் இருப்பதால் சப்மெனுவுக்கு வலதுபக்கம் இடமில்லை. இந்த இடத்தில் புரோகிராம் எடுக்கும் முடிவைப் பொறுத்துத்தான் சோழவந்தான்காரர் மொய் சோழவந்தான் கணக்கில் ஏறுமா, அலங்காநல்லூர் கணக்கில் ஏறுமா என்பது இருக்கிறது.

விதி சின்னது. பக்கவாட்டில் இடமில்லை என்றால் சப்மெனுவை மறுபக்கம் திருப்ப வேண்டும். கீழே இடமில்லை என்றால் மேலே தள்ள வேண்டும். பக்கவாட்டுக்குத் திருப்புதல், மேல்கீழுக்குத் தள்ளுதல். இதை மாற்றிச் செய்த மெனுக்கள்தான் பாதித் தொல்லை தருகின்றன.

காரணம் இதுதான். சப்மெனு தாய்மெனுவுக்குப் பக்கத்தில் ஒட்டி நிற்கிறது. அதை மேலேயோ கீழேயோ எவ்வளவு தள்ளினாலும் தாய்மெனு மறையாது. பக்கவாட்டில் தள்ளினால் முதல் பிக்சலிலிருந்தே தாய்மெனுவின் மேல் ஏறத் தொடங்கிவிடும். 60 பிக்சல் தள்ளினால் தாய்மெனுவின் வலதுபக்கம் 60 பிக்சல் மூடிக்கொள்ளும். மவுஸ் பெரும்பாலும் நிற்கிற இடமும் அதுதான், ஏனென்றால் சப்மெனு உண்டு என்று காட்டும் அம்புக்குறி வலது ஓரத்தில் இருக்கிறது. ஆக, நீங்கள் நகராமலே உங்கள் மவுஸ் ஒரு சப்மெனு வரியின் மேல் வந்து நிற்கும். பட்டனை அழுத்தியபடியே மெனுவில் இழுத்துக்கொண்டு போய் விடுகிற பழக்கம் உள்ளவர்களுக்கு இது ஆபத்து. விட்ட இடத்தில் இருக்கும் வரி தேர்வாகிவிடும். மேக்கிலும் லினக்ஸ் டெஸ்க்டாப்களிலும் ரைட் கிளிக் மெனு பட்டனை அழுத்தும்போதே திறக்கும். விண்டோஸில் பட்டனை விட்ட பிறகு திறக்கும். அதனால் அழுத்தும்போதே திறக்கும் இடங்களில், ஓரத்தில் தள்ளப்பட்ட மெனு மவுஸுக்கு அடியில் வந்தால், விரலை எடுத்ததுமே ஏதோ ஒன்று நடந்துவிடும். அந்த ஏதோ ஒன்று ‘நீக்கு’ ஆகவும் இருக்கலாம்.

எண்ணில் போட்டுப் பார்க்கலாம். 1366×768 ஸ்கிரீன். விண்டோஸ் 10-இல் அளவு 100 சதவீதத்தில் இருந்தால் டாஸ்க்பார் 40 பிக்சல். மெனுவுக்குக் கிடைக்கும் இடம் 1366×728. தாய்மெனு 980-இல் தொடங்கி 1220-இல் முடிகிறது, அகலம் 240. சப்மெனு அகலம் 210. இரண்டுக்கும் நடுவே சந்து விழாமல் இருக்க 3 பிக்சல் ஒன்றன்மேல் ஒன்று ஏற விடுகிறோம். வலதுபக்கம் திறந்தால் 1217-இல் தொடங்கி 1427-இல் முடியும். 1366-ஐத் தாண்டுகிறது. எனவே திருப்பு: வலது ஓரம் 983, இடது ஓரம் 773. இடம் இருக்கிறது, திறக்கலாம்.

அந்த 3 பிக்சலைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். ஒட்டாமல் 1 பிக்சல் சந்து விட்டாலும் மவுஸ் அந்தச் சந்தில் நிற்கும் கணத்தில் ‘மெனுவை விட்டு வெளியே போய்விட்டார்’ என்று புரோகிராம் நினைத்து மூடிவிடும். நிழல், வட்ட முனை எல்லாம் வைத்த புது மெனுக்களில் இது அதிகம் வருகிறது. கண்ணுக்குத் தெரியும் விளிம்பு ஒன்று, நிழலையும் சேர்த்த விண்டோவின் விளிம்பு இன்னொன்று. கணக்கில் எதை எடுக்கிறோம் என்று தெளிவாக இருக்க வேண்டும்.

இப்போது மூன்றாம் அடுக்கு. இங்கேதான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். 773 முதல் 983 வரை திறந்திருக்கும் சப்மெனுவிலிருந்து இன்னொரு சப்மெனு, அகலம் 260. ‘வலதுபக்கம் இடம் இருக்கிறதா’ என்று புதிதாகக் கேட்டால் இருக்கிறது என்றுதான் பதில் வரும்: 980-இல் தொடங்கி 1240-இல் முடியும், 1366-க்குள்தான். ஆனால் 980 முதல் 1220 வரை நிற்பது முதல் மெனு! அது முழுசாக மூடப்பட்டுவிடும். வந்த வழியே மறைந்து போகிறது. எந்த வரியிலிருந்து கிளம்பினோம் என்று திரும்பிப் பார்க்க முடியாது. அதனால் ஒரு முறை இடதுபக்கம் திரும்பிய வரிசை இடதுபக்கமே போக வேண்டும்: 516-இல் தொடங்கி 776-இல் முடியும். இடது சுவரில் முட்டினால் மட்டும் மறுபடி வலதுபக்கம். இதற்கு ஒவ்வொரு மெனுவும் தான் எந்தப் பக்கமாகத் திறந்தது என்பதைத் தன் பிள்ளைக்குச் சொல்லிவிட்டால் போதும். லினக்ஸ் புரோகிராம்களுக்கு மெனு, பட்டன் எல்லாம் வரைந்து தரும் ஜிடிகே 3 இப்படித்தான் செய்கிறது. தாயின் திசையைப் பிள்ளை வாங்கிக்கொள்ளும்.

மேல்கீழுக்கு வருவோம். சப்மெனுவின் முதல் வரி, தாய் வரிக்கு நேராக நிற்க வேண்டும். அதற்கு மெனுவின் உள் விளிம்பு 4 பிக்சலைக் கழிக்க வேண்டும். இல்லாவிட்டால் 4 பிக்சல் கீழே இறங்கி நிற்கும். வரி உயரம் 24, மொத்தம் 14 வரி, மேலும் கீழும் 4. உயரம் 344. தாய் வரியின் மேல்விளிம்பு 520-இல் இருந்தால் சப்மெனு 516-இல் தொடங்கி 860-இல் முடியும். 728-ஐத் தாண்டி 132 பிக்சல் வெளியே போகிறது. வெறுமனே 132 மேலே தள்ளினால் 384-இல் தொடங்கும். கீழே சரியாகப் பொருந்தும். ஆனால் தாய் வரிக்கு எதிரே ஆறாவது வரியின் கீழ்ப்பாதியும் ஏழாவது வரியின் மேல்பாதியும் நிற்கும். மவுஸை நேராக இழுத்தால் எதில் விழும் என்று சொல்ல முடியாது. 132-க்குப் பதில் 144 தள்ளுங்கள், அதாவது முழுதாக ஆறு வரி. அப்போது 372-இல் தொடங்கும், ஏழாவது வரி தாய் வரிக்கு நேர் எதிரே உட்காரும், கீழே 12 பிக்சல் மிச்சம் இருக்கும். அந்த 12 பிக்சலால் யாருக்கும் நஷ்டமில்லை. டாஸ்க்பார் ஒளிந்துகொள்ளும்படி வைத்திருந்தால் லாபம்கூட. மெனு அடிவிளிம்பைத் தொட்டால் கடைசி வரிக்குப் போகும் மவுஸ் டாஸ்க்பாரை மேலே கிளப்பிவிடும்.

வரிகள் ஸ்கிரீன் உயரத்தையே மீறினால் உயரத்தை வெட்டி, மேலும் கீழும் சிறு அம்பு வைத்து உருட்ட விட வேண்டும். டிடிபி கடைகளில் எழுத்துரு மெனு இதற்கு நல்ல உதாரணம். பத்திரிகை அடிக்கும் சிஸ்டத்தில் தமிழ் எழுத்துருக்களை நூற்றுக்கணக்கில் ஏற்றி வைத்திருப்பார்கள். அதை இரண்டு மூன்று நெடுவரிசையாகப் பிரித்துப் போட்டால் அகலம் கூடி, பக்கவாட்டுத் தொல்லை மறுபடி தலைதூக்கும். உருட்டுவதே மேல்.

இனி தமிழுக்கே உரிய சங்கதி. ஓர விதிகள் எல்லாம் ஆங்கில வரிகளின் அகலத்தை மனதில் வைத்து எழுதப்பட்டவை. ‘செட்டிங்ஸ்’ என்பதற்கு ஆங்கிலத்தில் எட்டே எழுத்து. ‘விருப்பத்தேர்வுகள்’ என்றால் கண்ணுக்குப் பத்து எழுத்து, யூனிகோடில் பதினெட்டுக் குறியீடு. புள்ளியும் கொம்பும் தனித்தனிக் குறியீடுகள். அகலத்தைக் குறியீட்டு எண்ணிக்கையால் பெருக்கிக் கணித்தாலும் தப்பு, ஒவ்வொன்றாக அளந்து கூட்டினாலும் தப்பு. ‘ரு’, ‘வு’ போன்றவை ஒரே உருவமாகச் சேர்ந்துகொள்ளும். புள்ளி எழுத்தின் தலைமேல் ஏறிக்கொள்ளும், தனி அகலம் பிடிக்காது. ஹார்ஃப்பஸ் போன்ற எழுத்துக்கோர்ப்பு எஞ்சினிடம் முழு வரியையும் கொடுத்து வரும் அகலத்தை மட்டும் நம்ப வேண்டும். அதுவும் மெனு திறக்கும் முன்பே. திறந்துவிட்டு அளந்து, இடமில்லை என்று தெரிந்து, பிறகு திருப்பினால் மெனு ஒரு கணம் வலதில் மின்னி இடதுக்குத் தாவும்.

உயரத்தையும் மறக்கக் கூடாது. ‘ழு’, ‘ஞூ’ போன்ற எழுத்துகளின் வால் கீழே இறங்கும். ஆங்கிலத்துக்கு வைத்த 24 பிக்சல் வரியில் தமிழை அடைத்தால் வால் வெட்டுப்படும். 28 வைத்தால் அதே 14 வரி மெனு 344-லிருந்து 400 ஆகிவிடும். ஆங்கிலத்தில் அப்படியே பொருந்தும் மெனு தமிழில் தள்ள வேண்டியதாகும்.

இடம் போதவில்லை என்றதும் சிலர் செய்யும் குறுக்குவழி, வரியின் வாலை வெட்டி மூன்று புள்ளி வைப்பது. ஆங்கிலத்தில் வினை முதலில் வரும். வால் போனாலும் என்ன செய்யப் போகிறோம் என்று தெரியும். தமிழில் வினை கடைசியில். கோப்பு மெனுவில் அடுத்தடுத்து இரண்டு வரி இருக்கிறது: ‘வேறு கோப்புறைக்கு நகலெடு’, ‘வேறு கோப்புறைக்கு நகர்த்து’. வெட்டினால் இரண்டும் ‘வேறு கோப்புறைக்கு நக…’ என்று ஒன்றுபோலவே நிற்கும். ஒன்று அசலை விட்டுவைக்கும், இன்னொன்று எடுத்துக்கொண்டு போய்விடும். ‘நீக்கு’ம் ‘நீக்காதே’யும்கூட வாலில்தான் பிரிகின்றன. எனவே தமிழ் மெனுவில் வாலை வெட்டவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஓரத்தில் இடமில்லையா, திருப்புங்கள். திருப்பியும் இல்லையா, வரியை இரண்டாக மடியுங்கள். வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் நடுவில் வெட்டி, முதல் சொல்லையும் கடைசிச் சொல்லையும் காப்பாற்றுங்கள்.

திருப்பிய மெனுவில் மவுஸ் பயணம் வேறு மாதிரி. 240 அகல மெனுவில் மவுஸ் அம்புக்குறிப் பக்கம், வலது ஓரத்திலிருந்து 30 பிக்சல் உள்ளே நிற்கிறது. வலதில் திறந்தால் 30 பிக்சல் நகர்ந்தால் சப்மெனு. இடதில் திறந்தால் 210 பிக்சல், அதுவும் 24 பிக்சல் உயரமுள்ள ஒரே வரிக்குள் வழுக்காமல் போக வேண்டும். ஆக்காட், ஷாய் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1997-இல் வெளியிட்ட கணக்குப்படி இப்படிப்பட்ட ஒடுக்கு வழியில் போவதன் கஷ்டம், நீளத்தை அகலத்தால் வகுத்தால் வருவது. 30/24 என்றால் 1.25. 210/24 என்றால் 8.75. ஏழு மடங்கு. மாசி வீதிகளை இணைக்கும் சந்துகளில் லோடு வண்டி தள்ளுகிறவர்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லிப் புரியவைக்கத் தேவையில்லை.

மனிதக் கை நேர்கோட்டில் போகாது, சாய்வாகப் போகும். சாய்ந்தால் பக்கத்து வரியில் ஏறும், ஏறினால் அந்த வரியின் சப்மெனு திறந்து, வேண்டியது மூடிவிடும். இதற்கு ஆப்பிளில் 1980-களின் நடுவில் ப்ரூஸ் டோக்னாசினி ஒரு வழி வைத்தார். மவுஸ் இருக்கும் இடத்திலிருந்து சப்மெனுவை நோக்கி விரியும் கூம்பு வடிவ இடத்துக்குள் மவுஸ் போய்க்கொண்டிருக்கும் வரை பக்கத்து வரிகளைக் கண்டுகொள்ளாமல் இருப்பது. இன்றைக்குச் செய்வதென்றால் முக்கோணம்: மவுஸின் முந்தைய இடம் ஒரு முனை, சப்மெனுவில் தாய்மெனுவை ஒட்டிய விளிம்பின் மேல்மூலையும் கீழ்மூலையும் மற்ற இரண்டு. மவுஸின் புது இடம் அதற்குள் இருந்தால் காத்திரு. வெளியே போனாலோ, உள்ளேயே 300 மில்லிசெகண்ட் போல அசையாமல் நின்றாலோ, புது வரியை ஏற்றுக்கொள்.

இதில் திரும்பத் திரும்ப வரும் பிழை, ‘ஒட்டிய விளிம்பு’ என்பதை ‘இடது விளிம்பு’ என்று எழுதிவைப்பது. வலதில் திறக்கும்போது இரண்டும் ஒன்றுதான், சோதனையில் எல்லாம் சரியாக ஓடும். இடதில் திறந்தால் ஒட்டிய விளிம்பு, சப்மெனுவின் வலது விளிம்பு. மாற்றாமல் விட்டால் முக்கோணம் சப்மெனுவைத் தாண்டி அதன் அந்தப் பக்க விளிம்பு வரை நீளும். நீள நீள ஒடுங்கும். மவுஸ் கொஞ்சம் சாய்ந்தாலும் வெளியே விழும். மூலைகளையும் தள்ளிய பிறகு உள்ள இடத்தை வைத்தே எடுக்க வேண்டும். மேலே சொன்ன உதாரணத்தில் மேல்மூலை 372-இல் இருக்கிறது, 516-இல் இல்லை.

விண்டோஸில் மவுஸ் நின்ற எத்தனை நேரம் கழித்துச் சப்மெனு திறக்க வேண்டும் என்பதற்கு ‘மெனுஷோடிலே’ என்று ரெஜிஸ்ட்ரியில், அதாவது விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதிவைக்கும் இடத்தில், ஓர் எண் உண்டு. கரன்ட் யூசர், கன்ட்ரோல் பேனல், டெஸ்க்டாப் என்ற வரிசையில் இருக்கும். தானாக இருப்பது 400 மில்லிசெகண்ட். ‘சிஸ்டம் வேகமாகும்’ என்று அதை 0 ஆக்கிவிடுகிறவர்கள் உண்டு. அந்தச் சிஸ்டத்தில் மவுஸ் எந்த வரியைத் தொட்டாலும் உடனே திறக்கும், உடனே மூடும். முக்கோணக் காவல் இல்லாத பழைய புரோகிராமில், ஓரத்தில் திருப்பிய மெனுவை அதன்பின் பிடிக்கவே முடியாது. 200-க்குக் கீழே போகாதீர்கள்.

ஓரமே இல்லாத இடத்தில் எல்லா மெனுவும் இடதுபக்கமாகத் திறக்கிறதா? அது புரோகிராமின் குற்றமில்லை. டச் ஸ்கிரீன் லேப்டாப்களில் வலதுகைக்காரர் என்று வைத்திருந்தால், கை மறைக்காமல் இருக்க மெனுவைக் கைக்கு இடப்புறம் திறக்கும். கன்ட்ரோல் பேனலில் டேப்லட் பிசி செட்டிங்ஸ், அதில் ‘அதர்’ பக்கம், அங்கே இடதுகை என்று மாற்றினால் பழைய மாதிரி வரும்.

பின்னால் வந்து சேரும் வரிகள் இன்னொரு தலைவலி. ‘இதனுடன் திற’ போன்ற சப்மெனு முதலில் காலியாகத் திறந்து, பட்டியல் வந்ததும் அகலமாகும். அகலம் கூடும்போது தாயை ஒட்டிய விளிம்பு அசையக் கூடாது, எதிர்ப்பக்கம்தான் வளர வேண்டும். இடதில் திறந்த மெனு வலதுபக்கமாக வளர்ந்து தாயின் மேல் ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். இடது ஓர எண்ணை மாற்றாமல் அகலத்தை மட்டும் கூட்டியதன் விளைவு. திறந்துவிட்ட மெனு பக்கம் மாறவும் கூடாது.

இரண்டு மானிட்டர் இருந்தால்: தாய் வரி எந்த மானிட்டரில் இருக்கிறதோ அதன் எல்லைதான் எல்லை. வலதுபக்கம் இன்னொரு மானிட்டர் இருந்தாலும் சப்மெனு பாதி இங்கே பாதி அங்கே என்று பிளந்து நிற்கக் கூடாது. நடுவில் பிளாஸ்டிக் சட்டம், இரண்டின் அளவு விகிதமும் வேறாக இருக்கலாம். இடதுபக்கம் வைத்த இரண்டாவது மானிட்டரின் எண்கள் விண்டோஸில் மைனஸில் போகும். ‘பூஜ்யத்துக்குக் கீழே போனால் பூஜ்யம்’ என்று ஒரு வரி எழுதியிருந்தால், இடது மானிட்டரில் ரைட் கிளிக் செய்ததும் மெனு முதல் மானிட்டருக்குப் பறந்துவிடும். ஒப்பிட வேண்டியது அந்த மானிட்டரின் இடது எல்லையோடு, பூஜ்யத்தோடு அல்ல.

லினக்ஸில் விண்டோக்களை ஸ்கிரீனில் காட்டும் புது முறையான வேலண்டுக்கு எழுதுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. அங்கே புரோகிராமுக்குத் தான் ஸ்கிரீனில் எங்கே இருக்கிறோம் என்றே தெரியாது. மெனுவை எங்கே ஒட்ட வேண்டும், இடமில்லாவிட்டால் என்ன செய்யலாம் என்று, எல்லா விண்டோவையும் அடுக்கிக் காட்டும் கம்பாசிட்டரிடம் சொல்ல மட்டும்தான் முடியும். சப்மெனுவுக்குக் கிடையாகத் திருப்பு, நெடுக்காகத் தள்ளு, நெடுக்காகச் சுருக்கு என்ற மூன்றையும் கொடுங்கள். கிடையாகத் தள்ளுவதைச் சேர்த்தாலும் கெடுதலில்லை. முதலில் திருப்பிப் பார்த்து, அதுவும் முட்டினால்தான் தள்ளுதல் வரும். திருப்பியதா இல்லையா என்பதைத் திரும்பி வரும் அமைப்புச் செய்தியில் தெரிந்துகொள்ளலாம். தாயை அடிப்படையாகக் கொண்ட இட எண் அதில் வரும். கிடை எண் மைனஸில் இருந்தால் இடதுபக்கம் திரும்பியிருக்கிறது. அடுத்த அடுக்குக்கு இடதுபக்கத்தையே கேளுங்கள்.

இரண்டு பக்கமும் இடமில்லாத நிலையும் வரும். கண்ணாடி போட்டவர்கள் அளவை 200 சதவீதமாகப் பெரிதாக்கினால் 1366×768 ஸ்கிரீன் 683×384 போலத்தான். 300 அகலத்தில் தமிழ் மெனு நடுவில் திறந்தாலே, அதே அகலச் சப்மெனுவுக்கு இரண்டு பக்கமும் இடமிருக்காது. அப்போது தாயின் மேல் ஏறுவதைத் தவிர்க்க முடியாது. ஆனால் தாய் வரி ஒன்றை மட்டுமாவது மூடாமல், சப்மெனுவை அதற்குக் கீழே தொடங்க விடலாம். விண்டோஸில் மெனுவை வரவழைக்கும்போதே ‘இந்தச் செவ்வகத்தை மூடாதே’ என்று ஒரு செவ்வகத்தைக் கொடுக்க முடியும். மூன்றாம் அடுக்கும் வேண்டும் என்றால் அடுக்குவதை விட்டுவிட்டு, போனில் வருவது போல அதே பெட்டிக்குள் அடுத்த பட்டியலைக் காட்டி, முதல் வரியில் ‘பின்செல்’ வைப்பது நல்லது.

கீபோர்டு மட்டும் எதற்கும் திரும்பக் கூடாது. சப்மெனு இடதில் திறந்தாலும் அதற்குள் போவதற்கு வலது அம்பு, வெளியே வர இடது அம்பு. கை மனப்பாடமாக வைத்திருப்பது அது. ஸ்கிரீனைப் பார்க்காமல் ஸ்கிரீன் ரீடர் வைத்து வேலை செய்கிறவருக்கு மெனு எந்தப் பக்கம் திறந்தது என்பதே தெரியாது, தெரியவும் வேண்டாம். உருது, அரபி போல வலமிருந்து இடமாகப் போகும் இடைமுகத்தில் மட்டும் எல்லாமே சேர்ந்து மாறும்: முதலில் இடதுபக்கம், அம்பு விசையும் எதிர்.

சோதிக்கும்போது ஸ்கிரீன் நடுவில் திறந்து பார்த்துத் திருப்திப்படாதீர்கள். நான்கு மூலையிலும், நான்கு ஓரத்தின் நடுவிலும் ரைட் கிளிக் செய்யுங்கள். மொழியைத் தமிழாக்கி, அளவை 150 சதவீதத்தில் வைத்து, இருப்பதிலேயே நீளமான வரியோடு மூன்றடுக்கு திறங்கள். விண்டோஸ் 10 என்றால் டாஸ்க்பாரை இடதுபக்கம் கொண்டுபோய் வைத்து இன்னொரு முறை. ஸ்கிரீன் அகலத்தை மட்டும் பார்த்துக் கணக்குப் போட்டிருந்தால் மெனு அதன் அடியில் போய் மாட்டுவது அப்போதுதான் தெரியும். ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டியவை மூன்று: மவுஸ் இருந்த வரி இன்னும் தெரிகிறதா, அங்கிருந்து சாய்வாக இழுத்தால் சப்மெனு மூடாமல் நிற்கிறதா, பட்டனை அழுத்திய இடத்திலேயே விட்டால் எதுவும் நடக்காமல் இருக்கிறதா.